இடது பின்சக்கரம்

என் பெயர் ஆனந்தகுமார், வயது நாற்பத்தொன்று, தகப்பனார் பெயர் ராஜப்பன், மட்டாஞ்சேரி பஜார் சாலைக்குப் பின்புறம் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன், சரக்கு வண்டி ஓட்டுகிறேன். மலையாளம் பேசுவேன், எழுத வராது என்பதால் தமிழ் தெரிந்த காவலர் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். தன்னை நான் வண்டியில் அடைத்துக் கடத்தியதாக அரிசி வியாபாரி சுதர்ஷன் கொடுத்த புகாருக்கு இது என் பதில்.

என் தங்கை பொன்மணியின் கணவர் நல்லசிவம் சுதர்ஷனுடைய பழைய பிக்கப் வண்டியை ஓட்டினார். வேலியேற்றத்தில், அதாவது கடல் பொங்கும் நேரத்தில், உப்புத்தண்ணீர் ஏறும் சாலைகளில் ஓடி அதன் சக்கர போல்ட்டுகள் துருப்பிடித்தன. மெதுவாகப் போனால் 'டொக் டொக்' என்று சத்தம் வரும், வேகம் பிடித்தால் நின்றுவிடும். கேபினில் உட்கார்ந்து கேட்டால் எந்தச் சக்கரம் என்று தெரியாது. அதற்காக டிரைவர்கள் நாங்கள் பஜார் சாலையில் சரக்குக் கிட்டங்கிச் சுவரை ஒட்டி மெல்ல ஓட்டுவோம், ஒருவர் கூடவே நடப்பார், சுவரில் பட்டுத் திரும்பும் சத்தத்தில் சக்கரம் பிடிபடும். அந்த வண்டிக்கு அப்படிக் கூடவே நடந்து கேட்டவர் சுதர்ஷன். "எந்த வீல்னு மொதலாளிக்கே தெரிஞ்சு போச்சு, ஓணம் கழிஞ்சு பாக்கலாம்னு சொல்றாரு" என்று நல்லசிவம் பொன்மணியிடம் சொல்லியிருக்கிறார். ஓணத்துக்கு முன்பே பாலத்து இறக்கத்தில் சக்கரம் கழன்று, வண்டி சுவரில் மோதி நல்லசிவம் இறந்தார்.

அதன் பிறகு விசாரணையில் சுதர்ஷன், வண்டியில் எந்தச் சத்தமும் இருந்ததில்லை, டிரைவர் தூங்கிவிட்டான், மோதியதால்தான் சக்கரம் கழன்றது என்றார். அவர் சொன்னதே நின்றது. தூங்குமூஞ்சி டிரைவர் பெண்டாட்டி என்று பொன்மணிக்கு பஜாரில் பெயர் விழுந்தது. அன்றே சுதர்ஷனை விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அதன் பிறகு அந்த வண்டியைப் பழைய இரும்புக்காரரிடம் வாங்கி, சக்கரம், போல்ட்டு எல்லாம் புதிதாகப் போட்டேன். சத்தத்தை மட்டும் திரும்ப வரவைத்தேன், எப்படி என்று பின்னால் சொல்கிறேன். தினமும் அவருடைய கிட்டங்கிச் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டினேன்.

கடந்த வெள்ளிக்கிழமை அவர் வெளியே வந்து, "இந்த வண்டிய இந்த வழிக்குக் கொண்டு வராதே" என்றார். "சத்தமே இல்லாத வண்டிதானே மொதலாளி, கேறி இருந்து கேளுங்க" என்றேன். மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வண்டியில் இருந்த பொன்மணி நகர்ந்து இடம் விட்டாள். ஏறாவிட்டால் மானம் போகும் என்று அவரே ஏறினார், யாரும் தொடவில்லை.

அதன் பிறகு அதே பாலத்தில் மெதுவாக ஏற்றினேன். சத்தம் வந்தது. அவருக்கு வியர்த்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் எழுதச் சொன்னேன். அவர் கதவைத் திறக்கப் பார்த்தார். அந்தக் கதவு உள்ளிருந்து திறக்காது, அவருடைய வண்டியாக இருந்தபோதும் அப்படித்தான், சரிசெய்யச் சொல்லி நல்லசிவம் கேட்டு அலுத்துவிட்டார். இறக்கம் தொடங்கியதும் அவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, வாகனச் சோதனையில் நின்ற இரண்டு காவலர்களைப் பார்த்து, "நிப்பாட்டச் சொல்லுங்க, பின்னாடி எடது வீல் கழண்டுரும்" என்று கத்தினார். உடனே நிறுத்தினேன்.

"எந்த வீல்னு எப்படித் தெரியும் மொதலாளி?" என்று பொன்மணி கேட்டாள்.

அதன் பிறகு காவலர்கள் முன்னால் அந்தச் சக்கரத்தின் மூடியைக் கழற்றினேன். உள்ளே இரண்டு பழைய நட்டுகள் கிடந்தன, நல்லசிவத்தின் சக்கரத்தில் இருந்தவை, சத்தம் வருவதற்காக நான் போட்டவை. சக்கரம் இறுக்கமாகவே இருந்தது, ஒரு காவலர் ஸ்பேனர் போட்டுப் பார்த்தார். சுதர்ஷன் கத்தியதைக் காவலர்கள் இருவரும் கேட்டார்கள், அவர்கள் வாக்குமூலத்தையும் வாங்கி இதோடு சேர்க்க வேண்டுகிறேன்.

மேலே கண்டது முழுவதும் நான் சொன்னது, சொன்னது முழுவதும் உண்மை. வாசித்துக் காட்டியபோது, 'பயமுறுத்தும் எண்ணம் எனக்கு இல்லை' என்று இருந்த வரியை அடிக்கச் சொன்னேன். அந்த எண்ணம் எனக்கு இருந்தது.

(ஒப்பம்) ஆனந்தகுமார்