இழுப்பறைக்குப் பின்னால்

கோப்பையை அப்படியே மேசைமேல் வையுங்கள், மெரெத்தெ. வளையம் விழுந்தால் விழட்டும். தேக்கில் விழுகிற வெள்ளை வளையம் இரண்டு நிமிட வேலை. ஒரு சொட்டு எண்ணெய், தேய்ந்துபோன உப்புத்தாள், மரத்தின் ரேகை ஓடும் திசையில் நாலு இழுப்பு, அவ்வளவுதான். இதற்குப் போய்க் கண்ணீர் விட்ட வாடிக்கையாளர்களை எனக்குத் தெரியும்.

நீங்கள் உள்ளே வந்ததுமே எனக்கு நன்றி சொன்னீர்கள். உங்கள் அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி உங்களிடம் சொல்லியிருக்கிறாள்: வியாழக்கிழமை தவறாமல் பிரேபென் என்று ஒருவர் ப்ருன்ஸ்வியர் கேக்கோடு வருவார், கடைசி ஐந்து வருடம் உங்கள் அம்மா தோராவுக்கு மனித முகம் என்று இருந்தது அவர் ஒருவர்தான் என்று. உண்மைதான், வந்தேன். வாரிசு விவகாரம் பார்க்கும் நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்த பிறகுதான் அம்மா இறந்ததே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. நார்வேயின் பெர்கனிலிருந்து ஓடி வந்து கதவைத் திறந்தால் வீட்டில் ஒரு கட்டிலும் சமையலறை முக்காலியும் மட்டும். மிச்சமெல்லாம் என்னிடம் விற்றவை. அதில் ஏதாவது ஒன்று ஞாபகத்துக்குக் கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். கிடைக்கும். பின்னறையில் எழுதுமேசை இருக்கிறது, அதை நான் விற்கவில்லை. எடுத்துப் போங்கள். ஆனால் அதற்கு முன் நான் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் என்மேல் எரிந்து விழுந்திருந்தால் சொல்லாமலேயே இருந்திருப்பேன். நன்றி சொன்னதுதான் தாங்கவில்லை.

பழைய மரச்சாமான் வாங்கிச் செப்பனிட்டு விற்கும் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஐம்பது வருடம் ஒரு வீட்டில் இருந்த மரச்சாமானைப் பிரித்தால் உள்ளே எப்போதும் ஏதாவது இருக்கும். இழுப்பறை நிரம்பி வழியும்போது மேலே இருப்பது பின்னால் நழுவி விழுந்துவிடும், வீட்டுக்காரர் அதை அங்கே தேடவே மாட்டார். கொண்டை ஊசி, போர்க்காலத்து ரேஷன் சீட்டு, குழந்தையின் பால்பல், ஒரு தடவை பரிசு விழுந்து காலாவதியான லாட்டரிச் சீட்டுகூட. நான் எதையும் எடுத்துக்கொண்டதில்லை. ஒரு பழுப்பு உறையில் போட்டு, மேலே என்ன சாமான் என்று எழுதி, உரியவரிடம் கொடுத்துவிடுவேன். ஊரில் என் பெயர் அதனால்தான் நிலைத்தது. ஒரு கிழவிக்கு அவள் கல்யாண மோதிரமே அப்படித் திரும்பக் கிடைத்தது. அவள் போய் ஓடென்சே முழுக்கச் சொன்னாள்.

உங்கள் அம்மா காதிலும் அது விழுந்திருக்கிறது. இரண்டாயிரத்து நாலு செப்டம்பரில் தொலைபேசியில் கூப்பிட்டார். என்ன விலை தருவீர்கள் என்று கேட்கவில்லை.

"பிரேபென் நீங்கதானா? உள்ள கிடைக்கிறத எல்லாம் திருப்பிக் குடுத்துடுவீங்களாமே, நெசமா?"

"நெசந்தாங்க அம்மா. குண்டூசி கிடைச்சாலும் குடுத்துடுவேன்."

"அப்ப வாங்க."

போனேன். உங்கள் அப்பா ஹோல்கர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பெரிய வீட்டை விட்டுவிட்டு மூன்று அறைக் குடியிருப்புக்கு வந்திருந்தார், ஆனால் ஒரு சாமானைக்கூட விட்டு வரவில்லை. ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டியிருந்தது. எனக்கோ மூச்சு நின்றுவிட்டது, மெரெத்தெ, அதை மறைக்க மாட்டேன். பிரேசில் ஈட்டி மரத்தில் செய்த எழுதுமேசை, அதே கையின் நீள அலமாரி, காகிதக் கயிற்றால் பின்னிய ஆறு நாற்காலிகள், இரண்டு சாய்நாற்காலி, தையல் மேசை. எல்லாம் ஐம்பத்தெட்டில் ஒரே பட்டறையில் வாங்கியவை. அடியில் செய்தவரின் சூட்டு முத்திரை அழியாமல் இருந்தது. ஜப்பானிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்து, நாற்காலிக் காலைத் தட்டித் தட்டிப் பார்த்து என் உயிரை வாங்குகிற வியாபாரிகள் இந்த ஒரு வீட்டுக்காகத் தங்கள் மாமியாரையும் விற்பார்கள்.

உங்கள் அம்மா எழுதுமேசையைத் தட்டிக் காட்டினார். மூட்டுவாதத்தில் விரல்கள் கோணியிருந்தன. நீங்கள் எழுபத்தெட்டில், ஏற்கெனவே கல்யாணமான ஒரு நார்வேக்காரரோடு போனதையும், ஹோல்கர் உங்கள் பெயரையே வீட்டில் எடுக்கக் கூடாது என்றதையும் அவரே சொன்னார். வெட்கப்படாமல், நேராகச் சொன்னார்.

"அவ எழுதாம இருந்திருக்க மாட்டா. தபால்காரன் வர்றதுக்கு முன்னாடியே இவரு வாசல்ல போய் நின்னுடுவாரு, இருபத்தஞ்சு வருஷமா. சுங்கத்துல இருந்த ஆளு, அடுத்தவன் சரக்கைப் பறிச்சு வைக்கிறது கைவந்த கலை. ஆனா எதையும் தூக்கி எறியவும் மாட்டாரு. எங்கயோ சொருகி வெச்சிருக்காரு. எனக்குத் திருகாணி திருப்பக் கை வராது. நீங்க பிரிச்சுப் பாருங்க. இதுல இல்லேன்னா அலமாரியத் தர்றேன், அதுலயும் இல்லேன்னா நாற்காலி. கிடைக்கிற வரைக்கும் ஒண்ணொண்ணா எடுத்துட்டுப் போங்க."

கிடைக்கிற வரைக்கும். அந்தச் சொல்லை நான் வண்டியில் போகும்போது இரண்டு தடவை எனக்குள் சொல்லிப் பார்த்தேன்.

கடிதங்கள் அந்த எழுதுமேசையிலேயே இருந்தன. மறுநாள் காலை பத்து மணிக்குக் கிடைத்தன. கீழ் இழுப்பறைக்குப் பின்னால் ஹோல்கர் ஒரு மெல்லிய பலகையைத் திருகி மூடியிருந்தார். வேலை சுத்தமாக இருந்தது, அதற்கு மட்டும் அவரைப் பாராட்ட வேண்டும். பதினோரு கடிதங்கள், எல்லாம் பிரித்துப் படிக்கப்பட்டவை. பெர்கன் முத்திரை. கடைசியில், தொண்ணூற்றொன்றில் எழுதியதில், தொலைபேசி எண் இருந்தது. "அம்மா, இனி எழுத மாட்டேன். நீ கூப்பிட்டால் அன்றைக்கே கிளம்பி வருவேன்" என்று இருந்தது. பதினொன்றையும் படித்தேன். அடுத்தவர் கடிதத்தைப் படித்தது அதுதான் முதல் தடவை.

பழுப்பு உறையை எடுத்து மேலே "எழுதுமேசை" என்று எழுதினேன். அதற்குள் கடிதங்களை வைக்கப் போனேன், அது சத்தியம். பிறகு, அலமாரியை மட்டும் எடுத்து வந்த பின் கொடுக்கலாம் என்று தோன்றியது. ஒரே ஒரு வாரம். இருபத்தாறு வருடம் காத்திருந்தவருக்கு ஒரு வாரம் பெரிதா? வியாழக்கிழமை போனபோது உறையில் ஒரு பித்தளைப் பொத்தானும் பேனா முள்ளும் இருந்தன.

"பின்னாடி ஏதாச்சும் இருந்துதா?"

"இவ்வளவுதான் இருந்துச்சு."

பொத்தானைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "சரி, அலமாரிய எடுத்துக்கோங்க" என்றார்.

நான் அவரை ஏமாற்றி அடிமாட்டு விலைக்கு வாங்கவில்லை. கோபன்ஹேகன்காரர்கள் தருவதைவிடக் கூடுதலாகவே கொடுத்தேன். இதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அவருக்குத்தான் பணத்தின்மேல் அக்கறை இல்லை, உறையைத்தான் முதலில் பிரிப்பார்.

அலமாரி வந்தது. பிறகு நாற்காலிகள் இரண்டிரண்டாக. ஒவ்வொரு தடவையும் நான் உண்மையிலேயே பிரித்தேன், பழைய வஜ்ஜிரப் பசையை வெந்நீரில் இளக்கி, ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றி. எதற்கு என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. கடிதங்கள் என் மேசையில் இருக்கும்போது நாற்காலிக்குள் கடிதம் தேடினேன். ஒருவேளை பன்னிரண்டாவது ஒன்று கிடைத்தால் அதைக் கொடுத்துவிடலாம், என் பதினொன்றும் யாருக்கும் தெரியாமலே போகும் என்ற நப்பாசையாக இருக்கலாம்.

இரண்டாயிரத்து ஐந்து மார்ச்சில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், உங்கள் வீட்டுக்கு ஒரு தொலைபேசி வந்தது. எதிர்முனையில் யாரும் பேசவில்லை. அது நான்தான். அந்த எண்ணில் இன்னும் ஆள் இருக்கிறார்களா என்று மட்டும் தெரிந்துகொள்ள நினைத்தேன். இல்லையென்றால் என் மேல் பாதிப் பழி குறைந்துவிடும் அல்லவா? நீங்கள் எடுத்தீர்கள். நார்வே மொழியில் பெயரைச் சொன்னீர்கள். பின்னால் நாய் குரைத்தது. நான் மூச்சு விடுவது கேட்டிருக்கும் போல. திடீரென்று நம் பேச்சில், "அம்மா? நீயாம்மா?" என்றீர்கள்.

வைத்துவிட்டேன்.

மறுநாள் பழைய வீட்டு எண்ணுக்கு நீங்கள் கூப்பிட்டதாகவும் அந்த எண்ணே இல்லை என்று பதில் வந்ததாகவும் சற்றுமுன் சொன்னீர்கள். அம்மா இடம் மாறியதில் எண்ணும் மாறியிருந்தது. எனக்கு அது தெரியும். புது எண் என் சட்டைப்பையிலேயே இருந்தது.

எனக்கு உறுத்தவில்லை என்று நினைக்காதீர்கள். பத்து கிலோ இளைத்தேன். வியாழக்கிழமைகளில் கேக் வாங்க ஆரம்பித்ததும் அப்போதுதான். உறையை மட்டும் கொடுத்துவிட்டு வர முடியவில்லை, உட்கார்ந்து பேசத் தொடங்கினேன். அவருக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டினேன், கால் நகம் வெட்டிவிட்டேன். பெற்ற பிள்ளைகூட இவ்வளவு செய்யாது என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகையே வந்தது.

இனிச் சொல்லப்போவதை நீங்கள் மன்னிக்க மாட்டீர்கள். ஆனால் அதைச் சொல்லாவிட்டால் மற்றதைச் சொன்னதில் அர்த்தமில்லை.

நாற்காலிகள் முடிந்த பிறகு உங்கள் அம்மா சோர்ந்துவிட்டார். ஒரு வியாழன், "போதும் பிரேபென். அவ எழுதல. நான்தான் பைத்தியக்காரி மாதிரி ஊட்டக் காலி பண்ணிட்டு இருக்கேன். மிச்சம் இருக்கிறது இருக்கட்டும்" என்றார். மிச்சம் இருந்தவை சாய்நாற்காலிகளும் தையல் மேசையும் நீங்கள் சின்ன வயதில் படுத்த கட்டிலும். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தன் பெண் எழுதவில்லை என்று ஒரு தாய் நம்பும்போது பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? அடுத்த வாரம் உறையில் ஒரு சின்னத் துண்டு வைத்தேன். உங்கள் நான்காவது கடிதத்தின் உறையிலிருந்து கிழித்தது. நார்வே ராஜா தலை போட்ட தபால்தலை, பாதி முத்திரை, உங்கள் கையெழுத்தில் முகவரியின் ஒரு துண்டு, "லூண்" என்று மட்டும். கடைசி நாற்காலியின் இருக்கைச் சட்டத்தில் சிக்கியிருந்தது என்று சொன்னேன்.

அவர் அந்தத் துண்டை உதட்டில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைக் கட்டிக்கொண்டார். "எழுதியிருக்கா, பாத்தியா. எழுதியிருக்கா" என்று என் சட்டையிலேயே சொன்னார். அந்த மாதத்துக்குள் மிச்சம் எல்லாவற்றையும் எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். சீக்கிரம் பிரி, சீக்கிரம் பிரி என்று தினம் தொலைபேசி. உங்கள் கட்டிலை நானே இறக்கினேன். ஒரு ஹாம்பர்க் குடும்பம் தங்கள் மகளுக்கு வாங்கிப் போயிற்று, நல்ல மனிதர்கள்.

அதற்கு மேல் விற்க அவரிடம் எதுவும் இல்லை, எனக்கு வாங்கவும் எதுவும் இல்லை. அப்போதாவது கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன், மூன்று வருடம். கொடுத்தால் எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது என்று கேட்பார். சொன்ன பிறகு வியாழக்கிழமைகள் இருக்காது. அவருக்கு என்னைவிட்டால் யார் இருந்தார்கள்?

போன நவம்பரில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஒரு மதியம் உணர்வு தெளிவாக இருந்தார். ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு கேட்டார்:

"அந்தப் பாவி மனுஷன் கடுதாசியெல்லாம் எரிச்சிட்டிருப்பாரு. போகட்டும். ஏம்பா, நீ என்ன நெனைக்கிற, என்ன எழுதியிருப்பா?"

பதினோரு கடிதங்களும் எனக்கு மனப்பாடம், மெரெத்தெ. முதலிலிருந்து சொன்னேன். அந்த ஊரில் மழை ஓயாது, துணி காயாது என்று எழுதியிருப்பாள். பெண் குழந்தை பிறந்திருக்கும், தோரா என்று பெயர் வைத்திருப்பாள். அவர் உடனே என் பக்கம் திரும்பினார்.

"என் பேரையா? அந்த அசிங்கமான பேரையா?" சிரித்தார். "நீ நல்லா கதை கட்டுறப்பா. அவ அப்படித்தான் செய்வா. இன்னும் சொல்லு."

"கிறிஸ்துமஸுக்கு உருளைக்கிழங்க சர்க்கரைல பொரட்டப் போயி கருக்கியிருப்பா. சட்டியில மொதல்ல வெண்ணெய்யா சர்க்கரையான்னு உங்களக் கேட்டு எழுதியிருப்பா."

"சர்க்கரைதான் மொதல்ல. எத்தன தடவ சொல்லியிருக்கேன் அந்தக் கழுதைக்கு."

அது உங்கள் மூன்றாவது கடிதத்தில் இருக்கும் கேள்வி. நான் பதினொன்றையும் முடித்தேன், ஒரு வரி விடாமல். தொலைபேசி எண்ணை மட்டும் சொல்லவில்லை, அது கற்பனை மாதிரி இருந்திருக்காது. கடைசிக் கடிதம் முடிவதற்குள் அவர் தூங்கிவிட்டார். விடிவதற்குள் போய்விட்டார்.

ஆகவே நான் மறைத்தேன், திருடினேன், கிழித்தேன், உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டே தொலைபேசியை வைத்தேன். அத்தனைக்கும் நான் பொறுப்பு. கடிதங்கள் எழுதுமேசையிலேயே இருக்கின்றன, எடுத்துப் போங்கள். ஆனால் அவை அம்மாவிடம் சேரவே இல்லை என்று மட்டும் வெளியில் சொல்லாதீர்கள். நான் சேர்த்துவிட்டேன்.