அசையாத இடம்

அமெரிக்காவின் பிளானோ நகரில் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்த நேரம். ஹலால் கறிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இருவர் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். இளையவர் அலாஸ்காவில் உறைமண் ஆராய்ச்சிக் குழுவோடு கோடையைக் கழித்துவிட்டு வந்தவர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர ரெண்டாவது தடவ அடக்கம் பண்ணிட்டு வந்திருக்கேன் பாய்."

"என்ன சொல்றீங்க?"

"அங்க மண்ணு வருஷம் பூரா ஐஸாட்டம் கெட்டியா இருக்கணும். இப்ப உருகுது. ஆத்தங்கரை சரிஞ்சு, அங்க இருந்த கல்லறையில பழைய சவப்பெட்டியெல்லாம் வெளிய வந்துடுச்சு. ஊர்க்காரங்க மேட்டுல குழி தோண்டி மறுபடி அடக்கினாங்க. நாங்களும் ஹெல்ப் பண்ணோம்."

"யா அல்லாஹ்."

"அதுல ஒரு பெட்டியில இருந்தவரோட மகன், வயசானவரு, என்கிட்ட கேட்டாரு. 'நீங்கதான குழாய் எறக்கி மண்ணோட டெம்பரேச்சர் பாக்குறீங்க, இனிமே அசையாத எடமா ஒண்ணு காட்டுங்க'ன்னு."

"காட்டினீங்களா?"

முன்னால் வரிசை நகர்ந்தது. இருவரும் நகரவில்லை.

"நம்ம வழக்கப்படி மூணு கை மண்ணு அள்ளிப் போட்டேன் பாய். அந்த மேட்டு மண்ணும் இளகி, கையெல்லாம் சேறு."