கை பொறுக்கிற சூடு

மருமகள்: மாமா, மாவைப் பிசையச் சொன்னேன். துணி துவைக்கச் சொல்லலை.

மாமனார்: பிசுபிசுன்னு கையை விடவே மாட்டேங்குதேம்மா.

மருமகள்: ஆரம்பத்துல அப்படித்தான் ஒட்டும். அதுக்குன்னு மைதாவை அள்ளிக் கொட்டிடாதீங்க... ஐயோ, கொட்டிட்டீங்களா!

மாமனார்: ஒரு கைதான்.

மருமகள்: உங்க கை என்ன சின்னக் கையா? மீன் தொட்டியையே அலுங்காம தூக்குற கை. உள்ளங்கையால முன்னாடி தள்ளுங்க. மடிங்க. திருப்புங்க. மறுபடி தள்ளுங்க.

மாமனார்: தள்ளு, மடி, திருப்பு... ஆஸ்பத்திரியில குழந்தைங்களையும் இப்படித்தான் விரட்டுவியா, நர்ஸம்மா?

மருமகள்: குழந்தைங்க சொன்ன பேச்சு கேட்கும். விரட்ட வேண்டிய அவசியமே இல்லை.

மாமனார்: சரி சரி.

மருமகள்: என்ன, சரி சரியோட நிறுத்திட்டீங்க? வழக்கமா இதுக்கு ஒரு பதில் வரணுமே.

மாமனார்: வரலை.

மருமகள்: நான் குளிச்சுட்டு வந்ததுல இருந்து பார்க்கிறேன், மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறீங்க. வெங்காயம் வாங்கப் போன இடத்துல யாராவது ஏதாச்சும் சொன்னாங்களா?

மாமனார்: வெங்காயக் கடைக்காரர் என்னத்தைச் சொல்லப் போறார். நான் திரும்பி வந்து பார்த்தா... நீ எல்லாம் தயாரா எடுத்து வச்சிருந்தே.

மருமகள்: எப்பவும் செய்றதுதானே?

மாமனார்: எப்பவும் செய்றதுதான். இன்னைக்குக் கொஞ்சம்...

மருமகள்: பேசிக்கிட்டே கையை நிறுத்தாதீங்க. மாவு காது மடல் மாதிரி மெதுமெதுன்னு வரணும். என் காதை ஏன் பார்க்கிறீங்க? உங்க காதைத் தொட்டுப் பாருங்க.

மாமனார்: காதெல்லாம் மாவாயிடுச்சு.

மருமகள்: அதான் வேணும். வந்துடுச்சு, போதும். உருட்டிப் பாத்திரத்துல போடுங்க. ஈரத்துணி போட்டு ஓவன் பக்கத்துல வைங்க. ஒரு மணி நேரத்துக்கு அதை யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது.

மாமனார்: குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி சொல்றே.

மருமகள்: பழக்கம். வெங்காயத்தை நறுக்குங்க. காரத்துக்கு வெங்காயமும் சீஸும் மிளகும். இனிப்புக்குச் சர்க்கரை, பட்டைத்தூள், வெண்ணெய். அதை நான்... மாமா! கையை எடுங்க!

மாமனார்: என்ன?

மருமகள்: உருக்கின வெண்ணெய்ல எதுக்கு விரலை விடுறீங்க?

மாமனார்: சூடு பார்த்தேன். கடைப் பழக்கம்மா. புது மீன் வந்தா, தொட்டியில விரலை விட்டுப் பார்த்துட்டுத்தான் விடுவேன். தண்ணி சூடு கொஞ்சம் கூடினாலும் போச்சு, வயித்தைக் காட்டிக்கிட்டு மிதக்கும்.

மருமகள்: இந்த வெண்ணெய்ல எந்த மீன் நீந்தப் போகுது?

மாமனார்: எதுக்கும் பார்த்து வச்சேன்.

மருமகள்: கடையை வித்தாலும் கைப்பழக்கம் போகலை. சரி, பெருசா எதிர்பார்த்துடாதீங்க மாமா. இன்னைக்கும் மாவு பொங்கலைன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை இருக்கவே இருக்கு.

மாமனார்: பொங்கும்.

மருமகள்: என்ன, ஜோசியமா? போன வாரம் சுட்டது ஞாபகம் இருக்கா? மீனுக்குப் பிச்சுப் போட்டீங்களே...

மாமனார்: அது திரும்பிக்கூடப் பார்க்கலை.

மருமகள்: மீதியை எங்க போட்டீங்க?

மாமனார்: பின்கதவு காத்துல அடிச்சுக்குதுன்னு சொன்னேல்ல? இப்ப அடிச்சுக்குதா?

மருமகள்: அட... அதுக்கா முட்டுக் கொடுத்திருக்கீங்க! நான் கல்லுன்னு நினைச்சு, காலால நகர்த்தி வச்சேன்.

மாமனார்: நீ சிரி. முட்டை அவிக்கக் கத்துக்கிறேன்னேன், வேண்டாம்னே. ரொட்டி வாட்டிக்கிறேன்னேன், அதுவும் வேண்டாம்னே. வீட்டுல பன் ரோல் சுடத் தெரிஞ்சாதான் தனியா இருக்க விடுவேன்னு ஒத்தக்கால்ல நின்னே.

மருமகள்: தனியா இருக்கப் போறவர் தினமும் காலையில அடுப்பைப் பத்த வைப்பாரா? டீயைக் குடிச்சுட்டு வெறும் வயித்தோட உட்கார்ந்திருப்பீங்க. இதுன்னா ஒரு தடவை சுட்டு வச்சா அடுத்தடுத்த நாளைக்கும் வரும். இனிப்பு பாதி, காரம் பாதி. அடுத்தவங்க கை படாம சுட்டுக் காட்டுங்க, அந்த மாடி அறைக்குப் போங்க, நான் தடுக்க மாட்டேன்னு சொன்னேன். சொன்னேனா இல்லையா?

மாமனார்: சொன்னே. தண்ணி மட்டும் நான் வச்சுத் தர்றேன்னும் சொன்னே.

மருமகள்: கெட்டில்ல கையைச் சுட்டுக்குவீங்கன்னுதான்...

மாமனார்: ம்.

மருமகள்: நிஜமாவே அங்க போகத்தான் வேணுமா மாமா? கீழ செல்போன் ரிப்பேர் கடை. மேல ஒத்த அறை, ஒத்த ஜன்னல்.

மாமனார்: கீழ என் கடையா இருந்தப்பவே அந்த அறை எனக்குப் பழக்கம். கடையை வாங்கின தம்பி, சாவியை எப்ப வேணா வந்து வாங்கிக்கோங்கன்னு சொல்லிட்டான்.

மருமகள்: அங்க யார்கூடப் பேசுவீங்க?

மாமனார்: மீன் இருக்கே.

மருமகள்: மீன் பதில் சொல்லுமா?

மாமனார்: நீ சொல்ற பதில்ல கால்வாசி கூடச் சொல்லாது. அதான் நிம்மதி.

மருமகள்: ஓஹோ.

மாமனார்: விளையாட்டுக்குச் சொன்னேம்மா... இங்க பாரு. ஹால்ல ஒரு பக்கம் என் கட்டில், இன்னொரு பக்கம் தொட்டி. நடுவுல நீ வயித்தைத் தள்ளிக்கிட்டு ஒருக்களிச்சு நடக்கிறே. நாளைக்குத் தொட்டில் வந்தா எங்க போடுவே? விடியுறதுக்கு முன்னாடி எழுந்து நான் இருமினா குழந்தை முழிச்சுக்கும். இடைஞ்சலா இருக்கிறது எனக்குப் பிடிக்காது.

மருமகள்: இடைஞ்சல்னு யாராவது சொன்னாங்களா?

மாமனார்: சொல்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணுமா? நீ வெங்காயத்தைப் பாரு, போதுமா இவ்வளவு?

மருமகள்: போதும்.

மாமனார்: பேசிக்கிட்டே ஒரு மணி நேரமாச்சு. துணியை எடுக்கவா?

மருமகள்: எடுங்க. என்ன ஆகியிருக்கப் போகுது...

மாமனார்: இந்தா, எடுத்துட்டேன்.

மருமகள்: மாமா... இது என்ன?

மாமனார்: பொங்கியிருக்கு.

மருமகள்: பாத்திரத்துக்கு மேல வந்து நிக்குது!

மாமனார்: ஆமா.

மருமகள்: இரு... இருங்க. விரலால லேசா அமுக்குங்க. குழி அப்படியே நின்னு மெதுவா மேல வரணும்.

மாமனார்: மெதுவா வருது.

மருமகள்: வருது...

மாமனார்: ஏம்மா, சந்தோஷமா இல்லையா உனக்கு?

மருமகள்: எனக்கென்ன? சந்தோஷம்தான். உங்களுக்கு?

மாமனார்: ரொம்ப.

மருமகள்: பார்த்தாலே தெரியுது.

மாமனார்: உன்னைப் பார்த்தாலும் தெரியுது.

மருமகள்: சரி, நிக்காதீங்க. ரெண்டாப் பிரிங்க. பூரிக்கட்டையால நீள்சதுரமாத் தேயுங்க. இதுல வெண்ணெய், சர்க்கரை, பட்டைத்தூள். அதுல வெங்காயம், சீஸ். பாய் சுருட்டுற மாதிரி இறுக்கமாச் சுருட்டுங்க. கத்தியை வைங்க கீழே! கத்தியால வெட்டினா நசுங்கிடும்.

மாமனார்: பின்ன எதால வெட்டுறது?

மருமகள்: நூல். அடியில கொடுத்து, மேல கொண்டு வந்து, குறுக்கா மாத்தி இழுங்க.

மாமனார்: அட! எவ்வளவு அழகா வட்டமா வருது...

மருமகள்: தனியா இருக்கும்போது நூல் இருக்கணும். மறக்காம எடுத்துக்கிட்டுப் போங்க.

மாமனார்: ம். மதியமே போய்ச் சாவியை வாங்கிட்டு வந்துடுறேன்.

மருமகள்: இன்னைக்கேவா?

மாமனார்: சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல.

மருமகள்: ஆமா, இருக்கு. தட்டுல இடம் விட்டு அடுக்குங்க, உப்பி வரும். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும், அதுக்குள்ள ஓவனைச் சூடு பண்ணிடலாம்.

மாமனார்: அழுறியா?

மருமகள்: வெங்காயம்.

மாமனார்: வெங்காயம் மாவுக்குள்ள சுருட்டியாச்சும்மா.

மருமகள்: எனக்கு அப்படித்தான், வெங்காயம் போனப்புறம்தான் எரியும். ஓவன் சூடாயிடுச்சு, தட்டை உள்ள வைங்க. துணி பிடிச்சுக்கிட்டு வைங்க. விரலை விட்டுப் பார்க்காதீங்க.

மாமனார்: பார்க்கலை. இனிமே எதையும் பார்க்கிறதா இல்லை.

மருமகள்: என்ன பேச்சு இது?

மாமனார்: ஒண்ணுமில்லை. மேல பொன்னிறமா வரணும், அவ்வளவுதானே?

மருமகள்: அவ்வளவுதான். உங்களுக்கு இனிமே எல்லாம் தெரியும்.

மகன்: அடேங்கப்பா! வாசனை வாசல் வரைக்கும் வருது. வண்டி கழுவுறதைப் பாதியில விட்டுட்டு வந்துட்டேன். ஆயிடுச்சா?

மருமகள்: இப்பதான் வெளிய எடுத்தோம். சுடும், தொடாதீங்க... தொட்டாச்சா?

மகன்: ஆ... ஊ... அப்பா! பஞ்சு மாதிரி இருக்குப்பா! இது நீங்களா சுட்டது?

மாமனார்: நான்தான்.

மகன்: காரம் எது? இதா? அடடா... மிளகு தூக்குதுப்பா. கடையில கூட இப்படிக் கிடைக்காது. என்ன ரெண்டு பேரும்? பரீட்சையில கோட்டை விட்ட மாதிரி நிக்கிறீங்க?

மருமகள்: ஒண்ணுமில்லையே. சந்தோஷமா இருக்கோம்.

மாமனார்: ரொம்பச் சந்தோஷமா இருக்கோம்.

மகன்: எனக்கு ஒரு நன்றி சொல்ல இங்க ஆள் இல்லை.

மருமகள்: உங்களுக்கு எதுக்கு? ரெண்டு முழுங்கினதுக்கா?

மகன்: பின்ன! நான் மட்டும் இல்லைன்னா இதுவும் கதவுக்கு முட்டுதான். காலையில தண்ணி குடிக்க வந்தேன். நீ குளிக்கப் போயிட்டே, அப்பா கடைக்குப் போயிட்டார். கப்ல நீ வச்ச தண்ணி... அம்மாடி, ஆவி பறக்குது! ஈஸ்ட் பாக்கெட்ல கை பொறுக்கிற சூடுதான் இருக்கணும்னு போட்டிருக்கு. அதைக் கொட்டிட்டு, பதமா வேற தண்ணி ஊத்தி, சர்க்கரை, ஈஸ்ட் எல்லாம் கலக்கி வச்சுட்டு வண்டி கழுவப் போனேன்.

மருமகள்: நீங்களா?

மாமனார்: நீயாடா?

மகன்: ஏன் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்துறீங்க?

மாமனார்: அப்போ... அந்தத் தண்ணி நர்ஸம்மா வச்சது இல்லையா?

மகன்: அவளா? அவ வச்சது சுடுதண்ணி. பச்சைக் குழந்தைக்குப் பால் சூடு பார்க்கிறவ, இங்க வந்து இப்படிக் கோட்டை விடுறா...

மருமகள்: உங்களை யாரு இதுல தலையை விடச் சொன்னது?

மகன்: பாவம், அப்பா வாரா வாரம் தோத்துப் போறாரே. தனியா இருக்கணும்னு ஆசைப்பட்டுட்டார், நம்மால ஆன உதவின்னு...

மாமனார்: யாருடா ஆசைப்பட்டா?

மகன்: நீங்கதானே... இல்லையா? என்னம்மா நடக்குது இங்க?

மருமகள்: வண்டி பாதியில நிக்குதுன்னீங்கல்ல? மீதியைக் கழுவுங்க, போங்க.

மகன்: இன்னும் ஒரே ஒரு இனிப்பு...

மருமகள்: எடுத்துக்கிட்டுப் போங்க!

மாமனார்: போயிட்டான்.

மருமகள்: மாமா... அடுத்தவங்க கை பட்டிருக்கு. அப்போ இது செல்லாது.

மாமனார்: செல்லாதா?

மருமகள்: எப்படிச் செல்லும்? ஈஸ்ட்டை அவருல்ல கலக்கியிருக்கார். கண்டிப்பாச் செல்லாது. மதியம் சாவி வாங்கப் போக வேண்டியதில்லை.

மாமனார்: நீ சொன்னா சரி. நியாயம் நியாயம்தான்.

மருமகள்: இன்னொண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.

மாமனார்: முதல்ல உட்காரு. எவ்வளவு நேரம்தான் நிப்பே... ம், சொல்லு.

மருமகள்: அந்தத் தண்ணி தெரியாத்தனமாச் சூடாகலை. வேணும்னேதான் கொதிக்கக் கொதிக்க ஊத்தி வச்சேன். வாரா வாரம். அதுல போட்டா ஈஸ்ட் செத்துடும்னு நல்லாத் தெரிஞ்சுதான் வச்சேன். முட்டை அவிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தா மறுநாளே கிளம்பியிருப்பீங்க, அதான் ரோல்னு பிடிவாதம் பிடிச்சேன். போகாதீங்கன்னு நேரா சொன்னா மரியாதைக்குச் சொல்றேன்னு நினைச்சுப்பீங்க. தொட்டிலை எங்க வேணா போட்டுக்கலாம் மாமா. நீங்க இல்லாத ஹால் எனக்கு வேண்டாம்... கோபமா?

மாமனார்: இல்லை.

மருமகள்: பின்ன ஏன் அந்தக் கப்பையே பார்க்கிறீங்க?

மாமனார்: அது எனக்குத் தெரியும்மா.

மருமகள்: எது?

மாமனார்: சுடுதண்ணி.

மருமகள்: எப்ப... எப்ப தெரியும்?

மாமனார்: முதல் தடவையே. ஈஸ்ட்டைப் போடறதுக்கு முன்னாடி விரலை விட்டுப் பார்த்தேன். மீன் மிதக்கிறது என்ன, வெந்தே போயிருக்கும்.

மருமகள்: தெரிஞ்சுக்கிட்டேவா அதுல போட்டீங்க? கொஞ்சம் ஆற வச்சிருந்தா அன்னைக்கே பொங்கியிருக்குமே! ஏன் மாமா?

மாமனார்: போறேன்னு வாயை விட்டுட்டேன், எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்றது? ஞாயித்துக்கிழமை வந்தா முதல் வேலையா அந்தக் கப்ல விரலை விடுவேன். சுட்டுச்சுன்னா, சரி, இந்த வாரமும் என்னைப் போக விடலைன்னு அர்த்தம்... இன்னைக்குத்தாம்மா சுடலை.