பன்னிரண்டு கிலோ

— அதெல்லாம் அப்புறம் சொல்லலாம் லுவான் அக்கா. நம்ம டிஸ்க் பெட்டி மேல ஏறுச்சா, இல்லையா?

— கத்தாத வின். போன்லதான் சார்ஜ் இல்ல, என் காது நல்லாத்தான் இருக்கு. ஆபீஸ் மாடியில பத்திரமா இருக்கேன். பக்கத்து வீட்டு நூடுல்ஸ் கடை தூ அண்ணனும் இங்கதான் இருக்காரு. கால்ல மாவுக்கட்டோட.

— அந்தக் காலோட அவரு எப்படிக்கா மாடி ஏறினாரு?

— எங்க ஏறினாரு? நான்தான் கயித்துல கட்டி இழுத்தேன். மச்சு ஓட்டை வழியா.

— அது வெள்ளம் வந்தா சாமான் ஏத்துற ஓட்டைக்கா!

— தம்பி, தூ அண்ணன் பேசுறேன். நான் சும்மா சொல்லல, நானும் அதையேதான் கேட்டேன். நான் என்ன மாவு மூட்டையான்னேன். மூட்டை வாயத் தொறக்காதுன்னு சொல்லிட்டா உங்க அக்கா.

— அண்ணே, போனக் குடுங்க. ஆடாம உக்காருங்க, பலகை பழசு.

— சரிக்கா, மனுஷங்க பொழைச்சீங்க, போதும். இப்ப பெட்டி?

— கேளு. காலைல அணையத் தொறந்துட்டாங்க. அரை மணி நேரத்துல முழங்கால், அப்புறம் இடுப்பு. நம்ம ஆபீஸ்ல மத்த ரெண்டு பேரும் அவங்கவங்க வீட்டப் பாக்க ஓடிட்டாங்க. இருக்கிறது நான் ஒருத்தி, கயிறு ஒண்ணு.

— தா நாங்லருந்து கிளம்பலாம்னா ரோடே இல்லக்கா. கைக்கொழந்தைய வேற வச்சுக்கிட்டு...

— உன்ன யாரு வரச் சொன்னா? கேளு. பெட்டியத்தான் மொதல்ல கட்டினேன். சத்தியமா. முடிச்சு போட்டு இழுக்கப் போறேன், அடுத்த வீட்டுலருந்து இவரு குரல். கட்டில் வரைக்கும் தண்ணி வந்துடுச்சு, எழுந்திரிக்க முடியலன்னு. முடிச்ச அவுத்தேன்.

— அவுத்துட்டீங்களா?

— பின்ன? இவர மிதக்க விட்டு இழுத்துட்டு வந்து மேல ஏத்தறதுக்குள்ள கை ரெண்டும் செத்துப் போச்சு. திரும்பிப் பாத்தா பெட்டி வச்ச மேஜையே கண்ணுக்குத் தெரியல.

— நாலு வருஷம்க்கா. நாப்பத்தோரு பழைய வீடு. உத்தரம் உத்தரமா ஏணி போட்டு அளந்து வரைஞ்சது எல்லாம் அந்தப் பெட்டியிலதான. அதுல எத்தனை வீடு இந்தத் தண்ணிக்கே சாயப் போகுதோ. வரைபடம் இல்லாம எத வச்சுத் திரும்பக் கட்டுவாங்க?

— அது எனக்குத் தெரியாதா?

— போன வருஷமும் இதே கூத்துதான். கம்ப்யூட்டரத் தூக்குங்கன்னா, திரைய மட்டும் மேல ஏத்திட்டு மத்ததக் கீழயே விட்டீங்க. படம் அதுலதான தெரியுதுன்னு! அந்தப் பாடு பட்டுதான நாலு பேருக்கும் பொதுவா ஒரு பெட்டி வாங்கினோம்?

— வாங்கினது நீ. சின்னதா ரெண்டு வாங்கு, ஒண்ணு இங்க, ஒண்ணு வேற ஊர்லன்னு ஒரு மாசம் தொண்டை கிழியக் கத்தினேன். எட்டு டிஸ்க் போடற பெரும் பெட்டிதான் வேணும்னு நீ ஒத்தக் கால்ல நின்ன.

— ரெண்டு டிஸ்க் ஒரே நேரத்துல செத்தாக்கூட அதுல ஒண்ணும் அழியாதுக்கா!

— எட்டும் ஒண்ணா முங்கினா? பன்னண்டு கிலோ, வின். சின்னதுன்னா கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஏறியிருப்பேன்.

— தப்பு என்னோடதுதான்க்கா. எவ்ளோ வேகம், எவ்ளோ இடம்னே பாத்தேன். தண்ணி வந்தா யாரு தூக்குவான்னு பாக்கல. நீங்க கேட்டப்ப சிரிச்சேன் வேற.

— சிரிச்ச. எனக்கு எரிஞ்சுது. அதான் உன்கிட்ட சொல்லாம ஒரு வேலை பண்ணேன். உன் கம்ப்யூட்டரத் தொற.

— என்ன வேலை?

— மலை மேல, தா லாத்ல, என் தங்கச்சி வீட்டு அலமாரியில ஒரு சின்னப் பெட்டி ஓடுது. தூ அண்ணன் பொண்ணு ஹுயென் வச்சுக் குடுத்துது. நம்ம பெட்டியில உள்ளதெல்லாம் மூணு வாரமா நெட் வழியா அதுக்குப் போயிட்டிருக்கு.

— எனக்குத் தெரியாமயா? பெட்டிக்குப் பொறுப்பு நான்தான!

— நீ கொழந்த பொறந்த லீவுல இருந்த. கோவப்படறத நாளைக்கு வச்சுக்க. பேரும் கடவுச்சொல்லும் அந்தப் பொண்ணு காகிதத்துல எழுதிக் குடுத்துருக்கு, படிக்கிறேன்.

— படிங்க, படிங்க... ம்... வருதுக்கா. மொத வீடு இருக்கு. பத்தாவது வீடு இருக்கு...

— அதெல்லாம் வேணாம். கடைசி வீட்டப் பாரு. நாப்பத்தொண்ணு.

— இருங்க... தொறக்குது! அக்கா, தொறக்குது! கூரை, தூணு, அந்த உளுத்த உத்தரம்கூட அப்படியே இருக்கு!

— அண்ணே! இருக்காம்ணே! நாப்பத்தொண்ணும் இருக்காம்!

— கேட்டுச்சு, கேட்டுச்சு. நான் சும்மா சொல்லல, என் பொண்ணு கெட்டிக்காரி.

— வயித்துல பால வாத்தீங்கக்கா. இப்பதான் மூச்சே வருது. இன்னொண்ணு பத்திரமா இருக்குங்கிற தைரியத்துலதான அந்த முடிச்ச அவுத்தீங்க? இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் இந்தப் பாடு பட்டிருக்க மாட்டேன்.

— என்ன தைரியம்? எல்லாம் போய்ச் சேந்தா நம்ம பெட்டியில விளக்கு பச்சையாகும்னு ஹுயென் சொன்னா. முந்தாநாள் ஆபீஸ் பூட்டறப்ப சிவப்பாத்தான் மின்னிச்சு, நேத்து வந்தா கரண்டே இல்ல. நீ தொறந்து சொன்னியே வின், இப்பதான் எனக்கே தெரியும்.