நலம் என்று எழுதிய பெட்டி

விசாரணைக் குழுவுக்கான என் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தால் போதும் என்றீர்கள். வேண்டாம், கையாலேயே எழுதுகிறேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். பள்ளியில் கரும்பலகையில் தேதி எழுதும் வேலையை ஐந்து வருடம் என்னிடமே கொடுத்து வைத்திருந்தார்கள். நாற்பத்தாறு வயதிலும் ஓர் எழுத்துகூடக் கோணவில்லை. எங்கள் குடும்பத்தில் இது சாதாரண விஷயம் இல்லை.

அப்பாவுக்கு நாற்பது வயதில் முதலில் கையெழுத்து போனது, அப்புறம் நடை போனது. தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கும் வேலை. வீட்டுக்கு வரும்போது ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்து நின்று, அடுத்த கம்பத்தைக் குறி பார்த்து, அது வரை நடப்பார். ஒரு சொட்டுகூடத் தொடாத மனிதரைத் தெருவே குடிகாரர் என்றது. அம்மா மறுத்து மறுத்து அலுத்துப்போய், கடைசியில் 'ஆமா, குடிக்கிறார், உங்களுக்கென்ன' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஐம்பத்துமூன்றில் அவர் போனபோது விழுங்குவது எப்படி என்பதே தொண்டைக்கு மறந்துவிட்டிருந்தது.

நான் இந்தத் துறைக்கு வந்தது அதனால்தான். பேரும் புகழும் தேடி வந்ததாக உங்களில் ஒருவர் நேற்று ஜாடையாகச் சொன்னார். அவருக்கு அப்படி ஓர் அப்பா இருந்ததில்லை என்று நினைக்கிறேன்.

நோயைப் பற்றி உங்களுக்குத் தெரியும், ஆனாலும் கோப்பில் இருக்கட்டும். ஒரே ஒரு மரபணுவில் பிழை. பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதி வாய்ப்பு. பிழை பிறப்பிலேயே இருக்கும், நோய் நாற்பதை ஒட்டி வரும், சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். என் ரத்தத்தை நானே பார்த்தேன். எனக்குப் பிழை இல்லை. வீட்டில் மிச்சம் இருந்தது என் தம்பி.

தம்பி என்னைவிட ஐந்து வயது சின்னவன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். எள்ளளவு திருகாணிகளை விரல் நுனியில் ஒட்டவைத்து எடுத்து, பேச்சை நிறுத்தாமலே கண்ணாடிக் காதில் பூட்டிவிடுவான். வாய் ஓயாது. 'இந்தக் கண்ணாடியப் போட்டா உங்க வீட்டுக்காரர் நல்லாத் தெரிவார், பரவாயில்லையா' என்று பெண்களிடம் கேட்டுக்கேட்டே வியாபாரம் செய்வான்.

அவனுக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருடத்தில், குழந்தை பெற்றுக்கொள்ளுமுன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தம்பி மனைவி பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். நியாயமான பெண். இருவரும் ஆய்வகத்துக்கு வந்தார்கள். நான்தான் ரத்தம் எடுத்தேன். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே தம்பி சொன்னான்:

"இருந்தா இருக்குன்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு. தம்பின்னு பாக்காம சொல்லுக்கா."

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. பிழை இருந்தது. அன்று சாயங்காலம் அவனே போன் செய்தான்.

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணுமில்லடா."

"நெசமாவா?"

"அதான் சொல்றேனே, ஒண்ணுமில்ல. போய் வேலையப் பாரு."

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் மூன்று நாளாக என்னை உட்காரவைத்திருக்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். அழுத முகத்தோடு இருப்பவளை என்ன என்று கேட்டால் ஒண்ணுமில்ல என்கிறாள். காய்ச்சல் அடிக்கிற பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மருத்துவரே அம்மாவிடம் அப்படித்தான் சொல்கிறார். அன்று தம்பிக்கு நடை சரியாக இருந்தது, விரல் சரியாக இருந்தது, பேச்சு தேவைக்கு மேலேயே சரியாக இருந்தது. மரபணுப் பிழை வேறு, நோய் வேறு. முதல் ஆண்டு மாணவனைக் கேட்டாலும் சொல்வான். அன்றைய தேதிக்கு அவனிடம் நோய் ஒன்றும் இல்லை. உண்மையில்லாத எதையும் நான் சொல்லவில்லை. தம்பி என்று பார்க்காமல் சொல்லச் சொன்னான். பார்க்காமல்தான் சொன்னேன்.

ஏன் என்பதற்கு வருகிறேன். இந்த நோயை உலகம் எப்போதும் பாதியிலிருந்துதான் பார்த்திருக்கிறது. தடுமாறிய பிறகுதான் ஆட்கள் வருவார்கள். பிழை இருப்பது முன்பே தெரிந்தவர்களும் உண்டு, ஆனால் அவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். தூக்கம் போய்விடும், கண்ட மாத்திரையைத் தின்பார்கள், கண்ணாடி முன் நின்று ஒற்றைக்காலில் எண்ணிப் பார்ப்பார்கள். பயமும் ரத்தத்தில் கலந்துவிடும். நிம்மதியாகச் சிரித்துக்கொண்டு கடை நடத்துகிற ஒருவனுக்குள் இந்த நோய் எந்த நாளில், எதிலிருந்து தொடங்குகிறது என்று பார்த்தவர் யாரும் இல்லை. அது என் கைக்கு வந்தது. வேண்டாம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. தள்ளியிருந்தால் நான் என்ன ஆராய்ச்சியாளர்?

நம் ஆய்வகத்தில் நோயாளிகள் ரத்தத்தோடு ஒப்பிடுவதற்கு நோயில்லாத பன்னிரண்டு பேரின் ரத்தம் வைத்திருக்கிறோம். பெட்டியின் மேல் 'நலம்' என்று எழுதியிருக்கும். தம்பியை அதில் நான்காம் எண்ணாகச் சேர்த்தேன். நோயாளிப் பெட்டியில் சேர்த்தால், உங்களுக்கே தெரியும், கணினி தானாகவே வீட்டுக்குக் கடிதம் அனுப்பிவிடும். நலம் பெட்டிக்குக் கடிதம் கிடையாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவான். நல்ல ரத்தம் தேவைப்படுகிறது என்றேன், பெருமையாகக் கையை நீட்டினான். தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் கொடுப்போம். 'என் ரத்தத்துக்கு இவ்வளவுதான் மதிப்பா' என்று மூன்றாவது பிஸ்கட்டை எடுத்துக்கொள்வான். மூன்றாம் வருடத்தில் ஒரு புரதத் துணுக்கு அவன் ரத்தத்தில் கசிய ஆரம்பித்தது. செல்கள் அப்போது சாகவில்லை, உயிரோடுதான் இருந்தன. அடைக்கக்கூடிய கசிவு. அன்று நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன், அதை மறைக்க மாட்டேன்.

அந்தக் கசிவை அடைக்கும் மருந்து ஆறாம் வருடம் வந்தது. பிழை இருந்தும் நோய் தொடங்காத நாற்பது பேரைத் தேர்ந்தெடுத்தோம். வெற்று மாத்திரை யாருக்கும் வேண்டாம் என்று குடும்பங்கள் ஒரே குரலில் சொல்லிவிட்டன, அதனால் நாற்பது பேருக்கும் உண்மையான மருந்துதான். மூன்று வருடத்தில், கசிவின் அளவைக் காட்டும் வரைபடத்தில் அவர்களுடைய கோடுகள் எல்லாம் தட்டையாகிவிட்டன. ஆனால் மருந்தால்தான் தட்டையானது என்று எதை வைத்துச் சொல்வது? மருந்து தொடாத ஒரு கோடு, ஆரம்பத்திலிருந்து முதல் தடுமாற்றம் வரை அறுபடாத ஒரு கோடு வேண்டும். அது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நாற்பது தட்டைக் கோடுகளுக்கு மேலே செங்குத்தாக ஏறுகிற அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்துத்தான் உலகம் நம்பியது. உங்கள் குழுவின் தலைவரே அந்தப் படத்தைச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டியிருக்கிறார். என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடிய நாட்களில் அந்தச் சிவப்பு யாருடையது என்று அவர் கேட்கவில்லை.

அவனை நாற்பத்தொன்றாவது ஆளாகச் சேர்த்திருக்கலாமே என்றீர்கள். சேர்த்திருக்கலாம். இடம் இருந்தது. படிவத்தை எடுத்து மேசையில் வைத்து, மூன்று நாள் வைத்திருந்து, திருப்பி உள்ளே வைத்தேன். அந்த மூன்று நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று எழுதுவதற்கு முன் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் வருடம் ஒரு திருகாணி கீழே விழுந்தது. நான் கடையில் இருந்தேன். குனிந்து தேடினான், எடுத்தான், மறுபடி விழுந்தது. 'வயசாகுதுக்கா, எனக்கே கண்ணாடி போடணும்' என்று சிரித்தான். நான் வீட்டுக்கு வந்து தேதியைக் குறித்துக்கொண்டேன். கசிவு தொடங்கியதிலிருந்து ஆறு வருடம், இரண்டு மாதம். இன்று எல்லா மருத்துவர்களும் சொல்கிற அந்த ஆறு வருடக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று நினைத்தீர்கள்?

நான் மாட்டிக்கொண்டது என் முட்டாள்தனத்தால். அதற்கு மட்டும் வெட்கப்படுகிறேன். போன மாதம் புது இயந்திரம் வந்தது. சரியாக அளக்கிறதா என்று பார்க்க நோயில்லாத ரத்தத்தை அதில் ஓட்ட வேண்டும். நம் தொழில்நுட்பர், எல்லாரும் 'சந்தேகம்' என்று கூப்பிடுவோமே, அவர் நலம் பெட்டியை எடுத்துவிட்டார். பதினொரு பேர் சரியாக வந்தார்கள், நான்காம் எண் மட்டும் எகிறியது. இயந்திரத்தைக் கழுவினார். ஆள் வரவழைத்துப் பாகம் மாற்றினார். மறுபடியும் எகிறியது. இயந்திரம்தான் மட்டம் என்று நானும் சேர்ந்து திட்டினேன். நான்காம் எண்ணில் நோயில்லாத வேறொருவரின் ரத்தத்தை மாற்றி வைத்திருக்க வேண்டும் என்று பத்து வருடத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

பெட்டியில் இருந்த ரத்தம் கெட்டுவிட்டதோ என்று அவர் நான்காம் எண்ணுக்குப் போன் செய்து புது ரத்தம் கேட்டார். தம்பி மறுநாளே வந்தான். நான் வேறு ஊரில் ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தேன். புது ரத்தமும் அதே அளவு காட்டியது. மரபணுவையும் பார்த்தார் 'சந்தேகம்'. பார்த்துவிட்டு யாரையும் கேட்காமல் நான்காம் எண்ணை நோயாளிப் பெட்டிக்கு மாற்றினார். கணினி கடிதத்தை அனுப்பியது.

கடிதம் கிடைத்த அன்றே தம்பி என் வீட்டுக்கு வந்தான். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறுகிற சத்தம் கேட்டது. வருவான், கத்துவான் என்று தயாராக இருந்தேன். உட்கார்ந்தான். தண்ணீர் கேட்டான். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். நான் படத்தை எடுத்து வைத்து, சிவப்புக் கோட்டைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். அவனுக்கு எப்போதும் என் வேலை மேல் மரியாதை.

"அந்த நாப்பது பேர் எப்படி இருக்காங்க?"

"எல்லாரும் நடக்கிறாங்கடா. ஒருத்தர் சைக்கிள்கூட ஓட்டறார்."

"நல்லதுக்கா," என்றான். மனதிலிருந்துதான் சொன்னான். "எனக்கு இனிமே குடுத்தா?"

"இதுக்கு மேல போகாம நிறுத்தும். போனது வராது."

தலையாட்டினான். விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டான். பிறகு கேட்டான்:

"பாப்பாவுக்கு?"

அவன் மகளுக்கு எட்டரை வயது. அப்பாவோடு ஆய்வகத்துக்கு வந்தால், 'அத்தை, எனக்கும் எடுங்க, எனக்கும் பிஸ்கட்' என்று கையை நீட்டுவாள். அவனே மடியில் உட்காரவைத்துப் பிடித்துக்கொள்வான். நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். ஃப்ரீசரின் அடித்தட்டில் பெயர் ஒட்டாமல் இருக்கும் பதின்மூன்று குழாய்கள் அவளுடையவை. முதலாவது பிறந்த அன்று தொப்புள்கொடியிலிருந்து எடுத்தது. பிறப்பிலிருந்தே தொடங்கும் வரிசை உலகில் வேறு எங்கும் கிடையாது. என்னை வேலையிலிருந்து நீக்குங்கள், வழக்குப் போடுங்கள், ஆனால் அவற்றை உருகவிட்டுவிடாதீர்கள்.

"பாக்கலடா," என்றேன். "பதினெட்டு வயசுக்குக் கீழ பாக்கக் கூடாதுன்னு விதி."

"விதியா?" என்றான். "நீயா விதி பேசற?"

அதற்குமேல் எதுவும் கேட்காமல் இறங்கிப் போனான். கூடப் போய்ப் பிடித்துக்கொள்ள எழுந்தேன், வேண்டாம் என்று கையைக் காட்டினான்.

உங்களிடமும் நேற்று விதி என்றுதான் சொன்னேன். எழுதி முடிக்கும்போது அதைத் திருத்திக்கொள்கிறேன். அவளுக்குப் பிழை இருக்கிறதா என்று பார்ப்பது இப்போதெல்லாம் ஒரு மணி நேர வேலை. எட்டரை வருடமாக அந்தத் தட்டைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டால், அவள் வளர்ந்து ஒருநாள் என்னவென்று என்னையே கேட்பாள். அந்தப் பொய்யை இன்னொரு முறை சொல்ல என்னால் ஆகாது.