மூன்றுவால் பூச்சி

உங்கள் ஆட்கள் என் ரப்பர் பூட்ஸை நிமிர்த்தி வைத்துவிட்டார்கள். கவிழ்த்து வைத்தால்தான் உள்ளே காயும். இல்லாவிட்டால் இரண்டே நாளில் நாறிவிடும். முதல் வகுப்பில் நான் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான், யார் காதில் வாங்குகிறார்கள்? நீங்களாவது எழுதிக்கொள்ளுங்கள். மற்றதையும் வரிசையாகச் சொல்கிறேன், மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

இரண்டு வருடமாகச் சனிக்கிழமை தோறும் ஓடைக் காவலர்களுக்குப் பயிற்சி கொடுத்து வந்தேன். ஓடைக் காவலர்கள் என்பது அவர்களே தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பட்டம். காவல் காத்த லட்சணத்தைப் பார்த்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பீர்கள். பல் டாக்டர் ஒருவர், பூச்சி வலையை ஒட்டடைக் குச்சி மாதிரி பிடிப்பார். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர், தொப்பிக்காரர் என்று எங்களுக்குள் பெயர். புதுத் தொப்பி, புதுக் கையுறை எல்லாம் உண்டு, தண்ணீரில் மட்டும் கால் வைக்க மாட்டார். கரையில் நின்றபடி இறங்கியவர்களுக்கு யோசனை சொல்வார். அப்புறம் ஒரு இளம் தம்பதி. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைப் பொறுக்குவார்கள், அதைப் பிடித்துக்கொண்டு பத்துப் படம் எடுப்பார்கள், பாட்டில் திரும்ப ஓடைக்கே போய்விடும். ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் தண்ணீரைப் பரிசோதித்த நான் இவர்களோடுதான் மாரடித்தேன்.

எதற்காக என்றுதானே கேட்கிறீர்கள். என் மனைவியின் தம்பி நகராட்சியில் பொறியாளர். ஓடையை மூடி, மேலே சாலை போட வேண்டும் என்பது அவன் திட்டம். என் வீட்டு மேசையில் உட்கார்ந்து, என் தட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "அது ஓடை இல்ல மாமா, சாக்கடை. ஒரு உயிரும் கிடையாது. இருக்குன்னு ரெண்டு வருஷத்துல காட்டுங்க, நானே ஃபைலை மூடிடறேன்."

என் மனைவி சிரித்தாள். தம்பி தும்மினால்கூட அவளுக்கு நகைச்சுவைதான். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

ஓடையில் உயிர் இருக்கிறதா என்று அறிய ஒரு சுலபமான வழி உண்டு. கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளை வெள்ளைத் தட்டில் போட்டு எண்ண வேண்டும். மூன்று வால் உள்ள பூச்சி ஒன்று இருக்கிறது, அரிசியை விடச் சிறியது. சுத்தமாக ஓடும் தண்ணீரில் மட்டும்தான் பிழைக்கும். அது அகப்பட்டால் ஓடை தேறிவிட்டது என்று பொருள். நாங்கள் ஒரு வருடம் குப்பை அள்ளினோம், கரையில் நாணல் நட்டோம். ஒரு மூன்றுவால்கூட வரவில்லை.

குன்றின் மேல் ஊற்றருகே அவை ஏராளம். ஒரு சனிக்கிழமை காலையில் நாற்பது பூச்சிகளை நீல வாளியில் பிடித்துவந்து நடைபாலத்துக்கு அடியில் விட்டேன். ஒன்பது மணிக்குத் தட்டைப் பார்த்த பல் டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றினார். அன்று மாலைக்குள் பூச்சிகள் செத்திருக்கும். ஆனால் இந்தக் காவலர்கள் டீ குடித்ததும் வீட்டுக்குப் போகிறவர்கள், அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் வாளியோடு போனேன். என் மைத்துனனும் வந்து தட்டைப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. மறுமாதம் கடைசி ஆய்வு, அதோடு ஃபைல் மூடப்படும் என்று முடிவாயிற்று.

இதற்கு ஐந்து மாதம் முன்புதான் தையல்காரம்மா வந்து சேர்ந்திருந்தார். கடைத்தெருவில் ஒற்றை அறைக் கடை, பொத்தான் வைத்து ஓரம் அடித்துப் பிழைப்பு. பள்ளிக்கூடப் படிப்பைக்கூட முடிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார், எழுதினால் அறிவு வந்துவிடும் என்ற நினைப்பு. சதுப்பில் வழி காட்டும் கழிகளுக்குச் சிவப்புத் துணிக்கொடி தைத்துக் கொடுத்தது அவர்தான். துணி மட்டும்தான் தெரியும், சரி, இருக்கட்டும் என்று விட்டேன்.

அவர் சேர்ந்த ஆறாவது மாதம், கடைசி ஆய்வு நெருங்கும் நேரத்தில் ஒரு நாள், வகுப்பு முடிந்து தட்டுகளைக் கழுவும்போது என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீல வாளியப் பாத்துட்டேன் சார். நாலு வாரமா சீக்கிரமே வந்து பாக்கறேன். அடுத்த சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லிடப்போறேன்."

சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நான் வேறு ஒரு மேசையில் பார்த்திருக்கிறேன். "சொல்லும்மா, நல்லதுதானே," என்றேன். "அன்னிக்கு எட்டு மணிக்கே வந்துடு. சதுப்புல நீர்மட்டம் பாக்கணும்." அவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வேலையை நான் அதுவரை யாரிடமும் கொடுத்ததில்லை.

ஓடை போய்ச் சேரும் சதுப்பில் நடக்க ஒரே விதிதான்: இரண்டு வரிசைக் கழிகளுக்கு நடுவில் நட, கண்ணை நம்பாதே, கழியை நம்பு. அங்கே பழைய மணல் குழி ஒன்று வண்டல் நிரம்பிக் கிடக்கிறது. மேலே பாசி படர்ந்து, பார்வைக்குத் தரை மாதிரி இருக்கும். வெள்ளிக்கிழமை பகலில் போய் நான்கு கழிகளைப் பிடுங்கிக் குழிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நட்டேன். கால் மணி நேர வேலை.

இன்னொரு விதியும் உண்டு, தனியாக இறங்கக்கூடாது, கரையில் ஒருவர் துணை நிற்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை துணை நான். மார்புவரை வரும் ரப்பர் உடுப்பை நானே மாட்டிவிட்டேன். உள்ளே தண்ணீர் புகுந்தால் ஆள் எழ முடியாது என்பதால் இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டச் சொல்வது வழக்கம். நான் இறுக்கவில்லை.

நன்றாகத்தான் நடந்தார். சொல்லிக்கொடுத்தபடி அடிமேல் அடி வைத்து, கழிகளை மட்டும் பார்த்துக்கொண்டு. அவ்வளவு ஒழுங்காக என் விதியை வேறு எவரும் கடைப்பிடித்ததில்லை. குழிக்குள் இறங்கியதும் கூப்பிட்டார். அப்போதும் சார் என்றுதான் கூப்பிட்டார். மூன்று முறை. கயிற்றை என் காலடியில் சுருட்டி வைத்திருந்தேன், விதிப்படி. கலங்கல் தெளிய இருபத்தொரு நிமிடம் ஆனது. பதிவேட்டில் அதைக் குறித்துக்கொண்டு, கழிகளைப் பழைய இடத்தில் நட்டுவிட்டு, அப்புறம்தான் உங்களுக்குப் போன் செய்தேன்.

மற்றவர்கள் வந்து அழுதார்கள். பல் டாக்டர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல தப்பில்ல சார், மனசத் தளர விட்டுடாதீங்க" என்றார். இவரைப் போன்றவர்களைத்தான் நான் இரண்டு வருடம் கட்டி மேய்த்தேன்.

நீங்கள் என்னைப் பிடித்தது உங்கள் புத்திசாலித்தனத்தால் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு கொடியின் மடிப்புக்குள்ளும் அந்தம்மா சிவப்பு நூலாலேயே எண் தைத்திருந்திருக்கிறார், கழிகள் வரிசை மாறாமல் இருக்க. எனக்கு அது தெரியாது. பதின்மூன்றும் பதினான்கும் இடம் மாறி நின்றன, அவ்வளவுதான். ஒரு தையல்காரி செய்த வேலையில் நீங்கள் பெயர் வாங்குகிறீர்கள்.

காலையில் அவருடைய நோட்டின் கடைசிப் பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. 'சார் தெனம் ஊத்துலேர்ந்து பூச்சி கொண்டாந்து நம்ம ஓடைல குடி வைக்கறாரு. யார்கிட்டயும் சொல்லிக்கல. எவ்வளவு பெரிய மனசு. சனிக்கிழமை எல்லார்கிட்டயும் சொல்லிக் கைதட்டச் சொல்லணும். இனிமே நாமளும் ஆளுக்கு ஒரு வாளி தூக்கணும்.'

வாசித்துவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். நான் இடிந்து போவேன் என்று எதிர்பார்த்தீர்கள் போலிருக்கிறது. இதில் இடிந்து போக என்ன இருக்கிறது? முதலில், அது தினம் அல்ல, சனிக்கிழமை மட்டும். இரண்டாவது, ஊற்றுப் பூச்சி அந்தத் தண்ணீரில் ஒரு நாள் தாங்காது, குடி வைப்பதாவது. நான்காவது வகுப்பிலேயே நடத்தினேன். பாடத்தைக் கவனிக்காமல் தானாக ஒன்றை நினைத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எதையும் நீங்களாக முடிவு கட்டாதீர்கள், சந்தேகம் இருந்தால் வாயைத் திறந்து கேளுங்கள் என்று சொல்லித்தான் ஒவ்வொரு வகுப்பையும் நான் முடிப்பேன்.