ப்ளூ லாந்தர இடிச்சிட்டாகளாம்

அலோ... அண்ணாச்சியா? கேக்குதா?... நான் பாண்டிமுருகன் பேசுறேன், ஏழாயிரம்பண்ணையில இருந்து... ஆமா, ஆமா. நைட் டூட்டி முடிஞ்சிருச்சா?... அதான், ராத்திரியெல்லாம் கேட்ல நின்னுட்டு வருவீக, விடியட்டும் கூப்பிடுவோம்னு ஒக்காந்திருந்தேன்...

இல்ல, இன்னும் டீ குடிக்கல... அண்ணாச்சி, சனிக்கிழமை பேசுனோம்ல. பெங்களூர்ல எங்கயாச்சும் ஹோட்டல்ல, பார்ல வேல இருக்குமான்னு கேட்டேன், நாலு எடத்துல விசாரிச்சுச் சொல்றேன்னீக... ம்... ம்... கொஞ்சம் இருங்க. முருகேஸ்வரி வாசல்ல நிக்கிறா, நான் வைக்கப்படப்புப் பக்கம் தள்ளி வந்துர்றேன்... ம், இப்பச் சொல்லுங்க.

...

எத?... நம்ம ப்ளூ லாந்தரயா?... இடிச்சிட்டாகளா?... எப்ப?... சித்திரையிலயா. நாலு மாசம் ஆயிருச்சா... இல்ல அண்ணாச்சி, மூடிக் கெடக்குன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். மொதலாளி அன்னைக்கு சட்டர எறக்கையில என்ன சொன்னாரு, நம்ம பதினாறு பேரயும் நிக்க வச்சு. கொரோனா போகட்டும், தெறந்ததும் மொத போன் உங்களுக்குத்தான்னாரு. நான் அத நம்பிக்கிட்டு இருக்கேன். நம்பர மாத்தையில கூட அவருக்குத் தகவல் சொல்லிவிட்டேன்...

சரி... சரி... மரக் கவுண்டர என்ன செஞ்சாக? அந்தத் தேக்குப் பலக, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரே பலகல்ல... வெறகுக்கா?... ம்.

இல்ல, லைன்லதான் இருக்கேன்.

பதினேளு வருசம் அண்ணாச்சி. அந்தப் பலகயத் தொடச்ச தொடப்பு இன்னும் கையில இருக்கு. மருதயில ஓட்டல்ல எச்சித் தட்டு எடுத்துக்கிட்டு இருந்தவன நீங்கதான் கூட்டிட்டுப் போனீக. மொத நாளு நான் பீர் டேப்பத் தெறந்து மக்கு பூரா நொரையா நெப்பிட்டேன், நீங்க திட்டவே இல்ல. மக்க சாச்சுப் புடி, கடசியில நிமுத்துன்னு காட்டிக் குடுத்தீக... ஆமா, ரெண்டு வெரக்கட நொர. கர்னல் அய்யா வெரல வச்சு அளந்து பாப்பாரு. நாலு மணிக்கு வந்தா அந்த ஓரத்து மேசதான், ஈரல் வறுவல்தான்... ம்... ம்... சனிக்கிழமன்னா பேண்டு வாசிக்க ஆள் வந்துரும். அந்தச் சாக்ஸபோன்காரரு வாசிக்க ஆரம்பிச்சா நான் சும்மாவாச்சும் கவுண்டரத் தொடச்சுக்கிட்டே நிப்பேன்... இருக்காரா அவரு?... ஓ. செத்துட்டாரா. எனக்குத் தெரியாதே.

அது போகட்டும். வேற எங்க கேட்டீக? லோட்டஸ் ரூம்ல கேட்டீகளா?... செல்போன் கடை ஆயிருச்சா. மாடியுமா?... டான்ஸ் ஆடுவாகள்ல அந்த ஹாலு... சரி... ராயல் கபே? அது எப்பிடி மூடும், பகலும் ராத்திரியும் தோச ஊத்துன கடையில்ல அது. நம்ம வேல முடிஞ்சு அங்கனதான போயி காப்பி குடிப்போம்... ம்... மகங்க வித்துட்டாகளா... ம்... ம்... அந்தத் தெருவுல பளைய போர்டே ஒண்ணு கூட இல்லைன்றீக.

...

புது எடம் நெறைய வந்திருக்குல்ல அண்ணாச்சி. கடையிலயே பீர் காச்சுற எடமெல்லாம் இருக்காம்ல, எம்புட்டோ இருக்குன்னு சொன்னாக... போயிக் கேட்டீகளா. மூணு எடத்துலயா. ரொம்பச் சிரமம் குடுத்துட்டேன்... ம்... என்ன கேட்டாக?... இருபத்தஞ்சு வயசுக்குள்ளயா... படிச்சிருக்கணுமா. எனக்கு இங்கிலீசு பேச வருமே, கர்னல் கூடயே பேசுவேன... இல்ல, சரிதான். சர்ட்டிபிகேட் கேட்டா எங்க போறது. நாப்பத்திரெண்டு ஆச்சு எனக்கு.

கிளாஸ் களுவுற வேலைன்னாலும் சரி அண்ணாச்சி. கேட்டுப் பாத்தீகளா?... அதுக்கும் மிசினா... ம்.

...

அவசரமான்னா... ஆமா, அவசரந்தான். சனிக்கிழமை உங்ககிட்ட முளுசாச் சொல்லல. முருகேஸ்வரி பக்கத்துல இருந்தா.

போன வியாளக்கிளம இங்கன ஒரு பட்டாசுக் கம்பெனியில ரூம் வெடிச்சிருச்சு... பேப்பர்ல பாத்தீகளா? அதேதான். அங்கதான் இவ வேல பாக்கா, மூணு வருசமா... சொல்லல, ஆமா. பெங்களூர்ல ராணி மாதிரி வச்சிருந்தவன், பொண்டாட்டிய மருந்து வேலைக்கு அனுப்புறேன்னு எந்த வாயால உங்ககிட்டச் சொல்ல.

இல்ல, இல்ல. அவளுக்கு ஒண்ணும் இல்ல. மேலுல ஒரு கீறல் கெடையாது. அதத்தான் சொல்ல வந்தேன்.

நான் காட்டுல நின்னேன். மக்காச்சோளத்தப் பன்னி பூரா ஒளப்பிப் போட்டிருந்துச்சு, மிஞ்சுனத ஒடிச்சுக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டுச்சு. இங்கன சத்தம் கேக்குறது புதுசில்ல. ஆனா அன்னைக்குக் காலுக்குக் கீள மண்ணு அதிந்துச்சு. பாத்தா கெளக்க பொகை. மூணு மைலு அண்ணாச்சி, செருப்பு எங்க போச்சுன்னே தெரியல, ஓடுனேன். அங்கன போனா உள்ள விடல. பொம்பளைக எல்லாம் ரோட்டுல கெடந்து அளுகுதுக, ஆள் ஆளாப் போயி மூஞ்சியப் பாக்கேன், இவ இல்ல. சரி, போயிட்டான்னு நெனச்சுட்டேன். புள்ளைக்கு என்ன சொல்லன்னு அந்த நேரத்துல யோசிக்கேன், பாருங்க.

அப்புறம் பாத்தா வேலிக்கருவ மரத்தடியில ஒக்காந்திருக்கா. மடியில தண்ணிக் கேன். நெப்பிக்கிட்டு வந்திருக்கா. அவளும் பக்கத்து வீட்டு வள்ளித்தாயும் எதிரெதிரா ஒக்காந்து குளாய்க்குள்ள மருந்து அடைச்சுக்கிட்டு இருந்திருக்காக. தாகமா இருக்கு, யாரு போயி எடுத்துட்டு வரன்னு கேட்டுருக்கா வள்ளித்தாயி. இவ எந்திரிச்சுப் போயிருக்கா. அம்புட்டுதான்.

...

நாலு பேரு. வள்ளித்தாயும் சேத்து.

ம்... ம்... கேனப் புடுங்குறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிருச்சு. வீட்டுக்கு வந்தும் சோறு பொங்குவா, மாட்டுக்குத் தண்ணி காட்டுவா, பேச மாட்டா. ரெண்டாம் நாளு, எலவு வீட்டுக்குப் போயிட்டு வந்து, காலக் களுவிக்கிட்டே சொன்னா. பெங்களூருக்கே போயிருவோமான்னு கேட்டா.

அவ எங்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல அண்ணாச்சி. கல்யாணமாகி வந்த வாரம், கடை தெறக்கதுக்கு முந்தி நீங்கதான அவள உள்ள கூட்டிட்டு வந்து ஜன்னலோரம் ஒக்கார வச்சீக... ஆமா, லைம் சோடா. நீல வெளக்கயெல்லாம் போட்டுக் காட்டுனீக. அவ இன்னும் அந்தச் சோடாவச் சொல்லுவா. அந்த ஊர்ல அவளுக்குப் பயமே கெடையாது. மூணாவது மாடியில ஒத்த ரூமு, மத்தியானம் ஆனா பீர் கம்பெனியில பார்லி அவிக்கிற வாசம் வரும், நெல்லு அவிக்கிற மாதிரியே இருக்கும்பா. அந்த வாசத்துலதான் எம் மகளே பொறந்துச்சு.

சரின்னுட்டேன். அண்ணாச்சி இருக்காரு, ஒரு வாரத்துல போயிருவோம்னு வாக்குக் குடுத்துட்டேன். அவளும் துணிமணியெல்லாம் மடிச்சு வச்சுட்டா. புள்ள ஸ்கூல்ல போயி டீச்சர்ட்டச் சொல்லிட்டு வந்திருச்சு.

...

இங்க வேற என்ன வேல இருக்கு? சாத்தூர் மண்டபத்துல பந்தி பரிமாறப் போவேன். ஆடியில ஏது முகூர்த்தம். சூலக்கரைக்குப் போயி கலெக்டராபீசுல மனுவும் குடுத்தோம், வேற தொளிலு ஏதாச்சும் செஞ்சு குடுங்கன்னு. வாங்கி வச்சுக்கிட்டாக. அந்தக் கம்பெனிக்கு சீலு வச்சாச்சு. ஆனா இது தீவாளி சீசன் பாத்துக்கோங்க, பக்கத்துக் கம்பெனியில ஆர்டர் நிக்கிது, ஆள் பத்தல. இன்னைக்கு ஏளு மணிக்கு வேன் வருது. நேத்து போர்மேன் மணிகண்டராஜ் வந்து கேட்டுட்டுப் போனாரு. இவ என்ன சொல்லிட்டான்னா, காலையில அண்ணாச்சிட்டப் பேசுங்க, அவரு வரச் சொன்னா வேனுக்குப் போகல, இல்லைன்னா போறேன்னுட்டா. தூக்குச்சட்டியில சோறு போட்டு வச்சுட்டு நிக்கிறா அண்ணாச்சி. என்னயப் பாத்துக்கிட்டேதான் நிக்கிறா.

...

அதுனாலதான் கேக்கேன். நீங்க வேல பாக்குற எடத்துல, அந்த அப்பார்ட்மெண்டுல, கேட்டுல என்னயும் ஒரு ஆளாப் போடச் சொல்ல முடியுமா? பீர் கம்பெனி இருந்த எடம்தான அது, எனக்குத் தெரிஞ்ச எடம்தான்... ஆமா, வாசல்ல பீர் காச்சுன அந்தப் பெரிய செம்புக் கொப்பரய வச்சு பூச்செடி வச்சிருக்காகன்னு சொன்னீகள்ல. அதத் தேச்சுக்கிட்டுக் கூட நிப்பேன்...

என்னது?... கேமராவா?... அத வச்சுட்டு ஆள நிப்பாட்டுறாகளா?... எல்லாரயுமா. நீங்களுமா?... எப்பயில இருந்து?... இந்த மாசக் கடசியோடயா.

அண்ணாச்சி... ஏன் மொதல்லயே சொல்லல?... இல்ல, இல்ல, நான் தப்பா நெனக்கல. நீங்க இந்த நெலமயில எனக்காக மூணு எடத்துக்கு நடந்திருக்கீகளே... ம்... காரியாபட்டிக்கா. மகன் வரச் சொல்றானா. அங்கன வந்து என்ன செய்வீக?... ம்... சரி... சும்மா இருக்குறதும் ஒரு வயசுல வேணும்தான். முப்பத்தாறு வருசம் நின்ன காலு.

அப்ப அந்த ஊர்ல நமக்குத் தெரிஞ்ச ஆளுன்னு இனி யாருமே இல்ல.

...

அண்ணாச்சி, ஒரு நிமிசம். வேன் வந்திருச்சு.

இந்தா முருகேஸ்வரி... இரு, இரு, ஏறாத. பேசிட்டேன்... அண்ணாச்சிதான் லைன்ல இருக்காரு... அது வந்து... இன்னும் ரெண்டு நாளு பாக்கணும்ன்றாரு... இல்ல... இல்லடி, நெசமாத்தான்...

என்னயப் பாக்காத அப்பிடி.

இல்லையாம். ஒண்ணும் இல்லையாம். ப்ளூ லாந்தர இடிச்சிட்டாகளாம். அண்ணாச்சியும் ஊருக்கு வந்துர்றாராம்.

...

அலோ... இருக்கேன் அண்ணாச்சி. சொல்லிட்டேன்... அவ தலய ஆட்டிட்டுச் சட்டிய எடுத்துக்கிட்டா. வள்ளித்தாயி மருமக ஏற்கனவே வண்டியில ஒக்காந்திருக்கு, அதுக்குப் பக்கத்துல போயி ஒக்காந்துட்டா... எப்பிடித் தடுக்க? கையப் புடிச்சு எறக்கி வீட்டுக்குள்ள கொண்டுபோயி, என்ன சொல்லி ஒக்கார வைக்க? நீங்களே சொல்லுங்க, ஒரு வார்த்த சொல்லுங்க, அப்பிடியே அவகிட்டச் சொல்றேன்...

ம்.

போர்மேன் இந்தப் பக்கந்தான் வாராரு.

இருங்க அண்ணாச்சி, வச்சிறாதீக.

மணிகண்டராஜ் அண்ணே... ஆமாண்ணே. ஆள் பத்தலன்னீகள்ல. நானும் வாரேன்... ஆமா, இன்னைக்கே. பளக்கம் இல்ல, சொல்லிக் குடுத்தாச் செஞ்சுருவேன்... கொஞ்சம் இப்பிடித் தள்ளி வாங்க... அவளுக்குக் கேக்க வேணாம். அண்ணே, ரெண்டு பேரயும் ஒரே ரூம்ல மட்டும் போட்றாதீக. அவளக் கெளக்க போட்டா என்னய மேக்க போடுங்க. எம்புட்டுத் தூரம் முடியுமோ அம்புட்டுத் தூரம்... ஆமா, ஒத்தப் புள்ள. ஒம்பதாவது படிக்கிது... சரிண்ணே. ஒரு நிமிசம், செல்ல வச்சுட்டு ஓடியாறேன்.

அண்ணாச்சி... கேட்டுச்சா?... ம்... அளுகாதீக. நீங்க எதுக்கு அளுகீக.

செல்ல அங்க உள்ள விட மாட்டாக. அளகுமீனா தூங்கிக்கிட்டிருக்கா, தலமாட்டுல வச்சுட்டுப் போறேன். நீங்க திருப்பிக் கூப்பிட்டா அவதான் எடுப்பா... பெங்களூருக்கு எப்பப் போறோம்னு கேப்பா... இல்ல, எனக்கு வாய் வரல. நீங்களே அவகிட்ட ஏதாச்சும் சொல்லிருங்க அண்ணாச்சி. வண்டிய எடுத்துட்டாக, வைக்கிறேன்.